சித்தப்பாவின் பல்லுக்கு ஈயம் வைத்தது

சேலத்தில் நான் வேலை பார்க்கும் பல் செட் லேபில், உடைந்த கம்பி எதுவானாலும் என் மேசைக்குத்தான் வரும். அதற்கென்று உள்ள பசையைத் தடவி, சின்னச் சுடரில் காட்டி, வெள்ளிப் பற்று வைத்தால் கண் இமைப்பதற்குள் உருகி ஓடிப் பிடித்துக்கொள்ளும். சூடு கொஞ்சம் கூடினாலும் கம்பி விறைப்பு இழந்துவிடும். எனக்குக் கை நன்றாகப் பழகியிருக்கிறது என்று முதலாளியே சொல்வார். ஆனால் நான் தலையிட்ட முதல் பற்றவைப்பு, கொல்லிமலையில், நான் ஐந்தாவது படிக்கும்போது, என் தலைமையில் நடந்தது. லேபில் யாரிடமும் அதைச் சொன்னதில்லை.

கொல்லிமலையில் ஊர்க்கூட்டத்தை நாடு என்போம். எங்கள் குண்டூர் நாட்டில் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மருந்துச் சீட்டு, உரமூட்டை, பஸ் போர்டு எல்லாவற்றையும் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். படிக்கத் தெரிந்தவளுக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டில் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

சித்தப்பா மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து முன்பற்கள் இரண்டை இழந்திருந்தார். சிரிப்பு வந்தால் கை தானாக வாயை மூடும். அந்த ஓட்டையைப் பார்த்தே ஒரு வீட்டில் பெண் தர மாட்டோம் என்றார்கள். அதன் பிறகுதான் நாமக்கல் போய்க் கட்டுப்பல் வாங்கினார். ரோஸ் நிறத் தகட்டில் இரண்டு பல், பக்கத்துப் பற்களைக் கவ்விக்கொள்ள இரண்டு கம்பிக் கொக்கி. எடப்புளி நாட்டில் வேறொரு பெண்ணைக் கேட்டுப் போவதற்கு முந்தின நாள் காலையில் அதை என்னிடம் நீட்டினார்.

“கொக்கி லூசா இருக்குது கண்ணு. நீ படிச்ச புள்ள, கொஞ்சம் இறுக்கிக் குடு.”

உள்ளே வளைத்தேன். அதிகமாகிவிட்டது. வெளியே வளைத்தேன். மறுபடி உள்ளே. நாலாவது தடவை டக்கென்று கொக்கி என் கையோடு வந்துவிட்டது.

சித்தப்பா திட்டவில்லை, அப்படியே உட்கார்ந்துவிட்டார். “போச்சு, இந்தப் பொண்ணும் போச்சு” என்றாள் அம்மா. என் படிப்பின் மானம் போய்க்கொண்டிருந்தது. “ஈயம் வெச்சா ஒட்டிக்கும், அறிவியல் புத்தகத்துல போட்டிருக்குது” என்றேன். போட்டிருக்கவில்லை. மலைமேல் கடைவீதி இருக்கும் செம்மேட்டில், செல்போன் ரிப்பேர் கடையில் வேடிக்கை பார்த்திருந்தேன், அவ்வளவுதான். ஈயத்தை வாயில் வைக்கலாமா என்று யாருக்கும் தோன்றவில்லை. ஈயம் பூசிய பாத்திரத்தில் புளிக்குழம்பு வைத்துச் சாப்பிடுகிற வீடு.

சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்கே போனேன். கடைக்காரர் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங்க, சார்ஜர் பின்னு ஆடுதுன்னு வருவாங்க, டிஸ்ப்ளே போச்சுன்னு வருவாங்க. பல்லோட வந்தது நீங்கதானுங்க. வாரண்டி எல்லாம் கிடையாது.”

சூட்டுக்கோலை வைத்தார். ஈயம் உருகி, உருண்டையாகி, சேம்பு இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு கீழே விழுந்தது. கொக்கியின் எஃகுக் கம்பி, கடையிலிருந்த பசைக்கும் ஈயத்துக்கும் மசியாது என்று இன்று எனக்குத் தெரியும். அன்று “இன்னுங் கொஞ்சம் வைங்கண்ணா” என்று உத்தரவு போட்டேன். ரோஸ் தகட்டின் ஓரம் பொங்கி நாறியது. கடைசியில் அவர் பழைய சார்ஜரை அறுத்து, மெல்லிய செம்புக் கம்பி எடுத்து, கொக்கியைச் சுற்றிக் கட்டினார். செம்பின் மேல் ஈயம் அழகாக உட்கார்ந்தது, ஒரு மிளகு அளவுக்கு. நான் சித்தப்பாவைப் பெருமையாகப் பார்த்தேன்.

மறுநாள் அந்த மிளகு அவர் நாக்கைக் குத்திக்கொண்டே இருந்தது. பெண் வீட்டில் எது கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினார். “மாப்பிள்ள அதிர்ந்துகூடப் பேச மாட்டாப்பல” என்று பெண்ணின் அப்பா மெச்சிக்கொண்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போனது, கோழிக்கால் வரும்வரை. ஒரே கடி. பல் செட் சாமைச் சோற்றின் மேல் விழுந்து மல்லாந்து கிடந்தது. சித்தப்பா வாயை இறுக்கி மூடிக்கொண்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு விக்கல் எடுத்தது. சரியாக அப்போதுதான் அந்தப் பெண் சோறும் குழம்புமாக வந்தது. குனிந்து பார்த்தது. இரண்டு கரண்டிச் சோற்றைப் பல்லின் மேல் கொட்டி, குழம்பை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போய்விட்டது. சாப்பாடு முடிந்ததும் சித்தப்பாவின் இலையைத் தானே எடுத்துக்கொண்டு போனது.

கொஞ்ச நேரத்தில் என்னைப் பின்பக்கம் கூப்பிட்டு வெற்றிலைச் சுருள் ஒன்றைக் கையில் திணித்தது.

“போகும்போது உங்க சித்தப்பாகிட்டக் குடு சாமி. நாங் குடுத்தேன்னு சொல்லீராத. அதுக்கு வெக்கமாப் போயிரும்.”

பெண்ணுக்குச் சம்மதம் என்று உள்ளிருந்து சொல்லி அனுப்பினார்கள். சித்தப்பா அதற்கும் தலையை மட்டும் ஆட்டினார்.

திரும்பும் ஜீப்பில் சுருளை அவர் மடியில் வைத்தேன்.

“எச்சில் இலைக்குள்ள தேடி நானே எடுத்தேன் சித்தப்பா. யாரும் பாக்கல.”

“அந்தப் புள்ளயும் பாக்கலியா?”

“பாக்கவே இல்லீங்க.”

பிரித்தார். பல் பளிச்சென்று கழுவியிருந்தது. செம்புக் கம்பி கழன்ற இடத்தில், பூக்கட்டும் வாழைநாரால் கொக்கியைத் தகட்டோடு சேர்த்து நெருக்கமாகச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. அந்த முடிச்சையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வாயைக் கையால் மூடாமல், ஓட்டை தெரிய, ஜீப் முழுக்கக் கேட்கும்படி சிரித்தார்.

நான் சொன்ன பொய்யை அப்படியே நம்பிவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை.