மூன்றாவது கியரில் ஒரு சத்தம்

பால்துரை இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் டில்லிபாபு. காலை பத்து மணி இருக்கும். சுங்குவார்சத்திரம் அருகே லாரியில் மோதிய ஒரு காரின் முன்பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மண்ணூரில் கால் டாக்சி ஓட்டும் டில்லிபாபு என்னை அழைக்கும் வழக்கம் இல்லை. "சார், பால்துரை அண்ணன் பூட்டாரு சார். ஷிஃப்ட்டு முடிஞ்சி கம்பெனி பஸ்ல ஒக்காந்துகினு வந்திருக்காரு. ஸ்டாப்பு வந்தும் எந்திரிக்கலையாம்" என்றார். எங்கே வைத்திருக்கிறார்கள், எப்போது ஊருக்குக் கொண்டுபோகிறார்கள் என்று கேட்டுக்கொண்டேன். பிறகு மீதிப் படங்களையும் எடுத்து முடித்தேன். எனக்கு வருத்தம் உடனே வருவதில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரகடம் கூட்டுரோட்டு டீக்கடையில் பால்துரையைச் சுற்றி உட்கார்ந்த நீங்கள் எல்லாம் சேர்ந்து நினைவு மலர் ஒன்று போடுகிறீர்கள், அதில் நானும் எழுத வேண்டும் என்று டில்லிபாபு சொன்னபோது ஆள் மாறிச் சொல்கிறாரோ என்று நினைத்தேன். உங்களில் பாதிப் பேர் என்னிடம் சண்டை போட்டவர்கள். இப்போது விபத்து வண்டிகளைப் பார்த்து இன்சூரன்சுக்கு அறிக்கை எழுதும் வேலையில் இருக்கிறேன். அதற்கு முன்பு நெடுஞ்சாலையில் இருந்த ஒரு கார் விற்பனை நிலையத்தில் பல ஆண்டுகள் சர்வீஸ் மேனேஜர். பால்துரை வழக்குப் போட்டது எங்கள் மீதுதான். அஞ்சலிக் கூட்டத்தில் எதிர்த்தரப்புக்கு நாற்காலி போடும் வழக்கம் எங்கும் கிடையாது. நீங்கள் போட்டிருக்கிறீர்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பால்துரை தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். டிப்ளமோ முடித்துவிட்டு ஒரகடத்துக்கு வந்து, லாரி தயாரிக்கும் தொழிற்சாலையில் கடைசிப் பரிசோதனைப் பிரிவில் சேர்ந்தவர். அங்கே இத்தனை வருடம் இருந்தும் அவர் பேச்சு தாமிரபரணியைத் தாண்டவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகப் புதுக் கார் ஒன்றை எங்களிடம் வாங்கினார். சாவி கொடுத்த அன்று அவருக்கு மாலை போட்டுப் படம் எடுத்தோம். அடுத்த மாதமே கவுன்டரில் வந்து நின்றார். "சார், மூணாவது கியர்ல உள்ள என்னமோ உரசுது. நான் தினமும் கேக்குத சத்தம், எனக்குத் தெரியும். இது நல்ல சத்தம் இல்ல" என்றார்.

வண்டி சர்வீசுக்கு வந்தால் ஜாப் கார்டு என்று ஒரு தாள் போடுவோம். வண்டியில் என்ன குறை என்று அதில் எழுதி, அடியில் உரிமையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பால்துரை சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு நான் அதில் 'பொதுப் பரிசோதனை' என்று எழுதினேன். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை, எனக்கு முன்பிருந்தவரும் அப்படித்தான் எழுதினார். 'சத்தம்' என்று எழுதினால் அது தயாரிப்பாளர் வரை போகும், மேலிருந்து கேள்வி வரும், தீராத குறைக்குக் கார்டை மூடவும் முடியாது. 'பொதுப் பரிசோதனை' என்றால் வண்டியைக் கழுவிக் கொடுத்து அன்றே மூடிவிடலாம். அவர் மூன்று முறை வந்தார், மூன்று முறையும் அதையே எழுதினேன். மூன்று முறையும் அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். தொழிற்சாலையில் ஒரு போல்ட்டைக்கூட இரண்டு முறை பார்க்கும் மனிதர், தன் சொந்த வண்டியின் தாளை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

அதன் பிறகுதான் அந்தத் தவறு நடந்தது. வேறு ஊராக இருந்தால் நடந்திருக்காது. ஒரு ஞாயிறு அன்று அவரும், அதே தொழிற்சாலையில் வேலை பார்த்த இரண்டு நண்பர்களும் சேர்ந்து வாடகை வீட்டு வாசலில் வண்டியை ஜாக்கியில் ஏற்றி, கியர்பாக்ஸை இறக்கிப் பிரித்துவிட்டார்கள். சுத்தமாக, முறையாக, ஒரு திருகாணி தவறாமல் பிரித்தார்கள். உள்ளே ஒரு பல்சக்கரம் அரைகுறையாகக் கடைந்தது போல இருந்தது. திங்கட்கிழமை கியர்பாக்ஸ் கூட்டைத் திரும்ப மாட்டி வண்டியைக் கட்டி இழுத்து வந்து, பல்சக்கரத்தைச் செய்தித்தாளில் சுற்றி என் மேசையில் வைத்தார். முகத்தில் அத்தனை வெளிச்சம். "பாத்தீங்களா சார், நான் சொன்னம்லா?" என்றார்.

கார், லாரி தொழிற்சாலைகளில் போல்ட்டை முடுக்கியதும் அதன் தலையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுப்பார்கள். கோடு உடைந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள். நான் பல்சக்கரத்தைப் பார்க்கவில்லை, வெளியே போய் வண்டிக்கு அடியில் குனிந்து மஞ்சள் கோட்டைப் பார்த்தேன். உடைந்திருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமானால், எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. அவர் ஆதாரம் என்று கொண்டுவந்தது எங்களுக்கு ஆதாரமாகிவிட்டது. வாரன்டி செல்லாது என்று அன்றே கடிதம் கொடுத்தோம்.

அவர் வக்கீல் வைக்காமல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தானே மனுப் போட்டார். சட்டம் அதை அனுமதிக்கிறது. வண்டியை மாற்றித் தர வேண்டும் அல்லது விலையைத் திருப்பித் தர வேண்டும் என்று எங்களையும் தயாரிப்பாளரையும் சேர்த்துக் கேட்டிருந்தார். எங்கள் தரப்பில் நான் பிரமாணப் பத்திரம் கொடுத்தேன். 'மனுதாரர் வண்டியைப் பிரிப்பதற்கு முன் எந்த ஜாப் கார்டிலும் அப்படி ஒரு குறை பதிவாகவில்லை' என்பது அதில் முக்கியமான வரி. அந்த வரியில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பதிவாகவில்லைதான். பதிய வேண்டிய கை என் கை.

விசாரணை அன்று எங்கள் வக்கீல், மஞ்சள் குறியை உடைத்தது யார் என்று கேட்டார். அவர் மறுப்பார், இழுத்துப் பேசுவார் என்று நினைத்து அடுத்துக் கேட்க ஏழெட்டுக் கேள்விகளைத் தயாராக வைத்திருந்தார். பால்துரை, "நான்தான்யா ஒடைச்சேன்" என்றார். உங்கள் பட்டறையிலேயே உடைந்திருக்கும் என்று அவர் சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லாமல் இருந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வெளியே வந்ததும் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நானே தெனமும் அந்தக் கோடு போடுதவன் சார். போட்டவனுக்கு ஒடைச்சது தெரியாதுன்னு சொல்ல முடியுமா?" என்றார். உற்பத்திக் குறைபாடு நிரூபிக்கப்படவில்லை, வண்டியை மனுதாரரே பிரித்துவிட்டதால் இனி நிபுணரை வைத்துப் பார்ப்பதிலும் பயனில்லை என்று மனு தள்ளுபடியானது. அவர் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு, பழைய பல்சக்கரத்தையே திரும்பப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்த அதே வண்டியில் கிளம்பிப் போனார். ஆணையத்தின் வாசலில் நின்ற எனக்கு அவர் சாலையில் மூன்றாவது கியருக்கு மாற்றியது கேட்டது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வண்டிக் குறையோடு வந்தவர்களுக்கெல்லாம் அவர் வழக்குப் போட வழி சொல்ல ஆரம்பித்தார். டீக்கடை பெஞ்சில் அவர் என்ன சொல்வார் என்பது வாரத்தின் நடுவிலேயே எங்கள் கவுன்டருக்கு வந்துவிடும். போனில் பத்து முறை புகார் சொன்னேன் என்ற ஒருவரிடம், "போன்ல சொன்னா போன் கம்பெனிக்குத்தான் லாபம், தாள்ல வாங்கு" என்றாராம். வாரன்டி மூன்று வருடம் இருக்கிறதே என்று சாவகாசமாக இருந்தவரிடம், "வாரன்டி வேற, வழக்கு வேற. ரெண்டு வருசத்துக்குள்ள போடணும். தூங்கிறாதீங்க" என்றாராம். உங்களுக்கெல்லாம் அவர் சொன்ன முதல் பாடத்தை என்னிடம் வேலை பார்த்த பையன்கள் பட்டறையில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். "கை அரிச்சா சொறிஞ்சிக்கிடுங்க. ஸ்பானரத் தொடாதீங்க." தொழிற்சாலைக்காரர்கள் நிறைந்த ஊரில் இதைவிடத் தேவையான சட்ட ஆலோசனையை நான் கேட்டதில்லை. அப்போது எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பெரியவர் சின்னவர் எல்லாரும் கார்டைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று நின்றார்கள், திங்கட்கிழமை வரிசை வாசல் வரை நீண்டது.

டில்லிபாபுவின் வண்டி வந்தபோது பால்துரையும் கூட வந்தார். புது வண்டி, நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடுகிறது. நான் பழைய கைப்பழக்கத்தில் 'பொதுப் பரிசோதனை' என்று எழுதினேன். பால்துரை கார்டைத் தன் பக்கம் திருப்பிப் படித்தார். கோபப்படவில்லை.

"சார், அவரு சொன்னத எழுதுங்க. நீங்க புரிஞ்சிக்கிட்டத எழுதாதீங்க."

"என்ன எழுதணும்?"

"டில்லி, நீயே சொல்லு."

"ஓடிக்கினே கீது சார், திடீர்னு ஆஃப் ஆவுது. பின்னாடி கன்டெய்னர் வந்தா நான் இன்னா ஆவறது?" என்றார் டில்லிபாபு. அதை அப்படியே தமிழில் எழுதினேன். கன்டெய்னர் உட்பட.

நான்கு முறை அப்படி எழுதினேன். வண்டி நான்கு முறையும் சரியாகவில்லை. வழக்கு வந்தது. டாக்சி என்பது வியாபாரத்துக்கு வாங்கியது, வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று எங்கள் வக்கீல் ஆரம்பித்தார். டில்லிபாபு எழுந்து, "நான் ஓட்டுனாதாங்க வூட்ல அடுப்பு எரியும். எனக்கு இன்னா பத்து வண்டியா கீது, ஆள் வச்சி ஓட்ட?" என்றார். தன் பிழைப்புக்குத் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான் என்று சட்டத்திலேயே இருக்கும் விலக்கை பால்துரை முன்பே தேடி வைத்திருந்தார். அத்தோடு இன்னொரு மனுவும் இருந்தது. பட்டறை தன்னிடம் வைத்திருக்கும் சோதனை ஓட்டச் சீட்டுகள் அத்தனையையும் தாக்கல் செய்ய வேண்டும் என்றது அது.

அதை நான் இரண்டு முறை படித்தேன். பட்டறையில் டெஸ்ட் டிரைவர் வண்டியை ஓட்டிப் பார்த்து ஒரு சின்னச் சீட்டில் குறிப்பு எழுதுவார். உரிமையாளருக்கு அது போகாது, ஃபைலில் கிடக்கும். கேட்டால் கொடுத்தாக வேண்டும், ஆனால் அதுவரை ஒருவரும் கேட்டதில்லை. டில்லிபாபுவின் நான்கு சீட்டுகளையும் கொடுத்தோம். பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் யாரும் தொடாத எஞ்சினைப் பார்த்து அறிக்கை தந்தார். வண்டியை மாற்றிக் கொடுக்கும்படி உத்தரவு வந்தது. நாங்கள் தோற்றோம். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை என்பதை இப்போது சொல்லிவிடலாம்.

அன்று திரும்பும் வழியில் பால்துரை டீ வாங்கிக் கொடுத்தார். பாதி குடித்த பிறகு, சாதாரணமாக மழை வருமா என்று கேட்பது போலக் கேட்டார்: "என் வண்டிக்கும் அந்தமாதிரி ஒரு சீட்டு இருந்துச்சா சார்?"

நான், "பழைய ஃபைல் எல்லாம் கட்டிக் குடோன்ல போட்டாச்சுங்க" என்றேன். இதிலும் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவர் "சரி சார்" என்று சொல்லி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். அதற்குப் பிறகு ஒருமுறையும் கேட்கவில்லை.

அவர் கேட்டது இதுதான், நான் சொல்லாமல் விட்டதும் இதுதான்: இருந்தது. அவர் மூன்றாவது முறை வந்தபோது எங்கள் டெஸ்ட் டிரைவர் ஓட்டிப் பார்த்து எழுதிய சீட்டு. 'மூன்றாவது கியர், நாற்பது வேகத்தில், உள்ளே உரசும் சத்தம், உறுதி.' அவர் வண்டியைப் பிரித்ததற்கு ஒன்பது நாள் முந்தைய தேதி. மஞ்சள் கோடு அப்போது உடையவில்லை. நான் அதைப் படித்துவிட்டு ஃபைலில் சொருகி, "எல்லா வண்டிலயும் லேசா இருக்கும், ஓட ஓட சரியாயிடும்" என்று அவரிடம் சொல்லி அனுப்பினேன். அந்த டீக்குப் பிறகு, விற்பனை நிலையம் இடம் மாறி, பழைய காகிதம் எடைக்குப் போனபோது அந்த ஒரு சீட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன். வேலையையும் விட்டேன். கொடுக்க நல்ல நாள் பார்த்துக்கொண்டே இருந்தேன். மேல்முறையீட்டுக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது, கொடுத்தாலும் வண்டி மாறாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இத்தனை காரணம் தேடியவனுக்கு வாலாஜாபாத் சாலையில் இருந்த அவர் வீட்டுக்கு ஒருமுறை போக நேரம் கிடைக்கவில்லை.

அவரை ஊரில் அடக்கம் செய்துவிட்டு அவர் மனைவி செல்வராணி திரும்பி வந்த பிறகு போனேன். வண்டி வாசலில் நின்றது. அவரிடம் சொல்லியிருக்க வேண்டியதை அவர் மனைவியிடம் சொன்னேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது. சீட்டை நீட்டினேன். அந்த அம்மா அதை வாங்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, நிதானமாகப் படித்தார். மேலே இருந்த தேதியையும் பார்த்தார்.

"மூணாவது கியர் போட்டாலே அவிய பாட்டுச் சத்தத்தக் கூட்டி வச்சிருவாவ சார். ஏன்னு கேட்டா, கேட்டுக்கிட்டே இருந்தா கை சும்மா இருக்காதும்பாவ."

பிறகு சீட்டை இருந்த மடிப்பிலேயே மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்களே வச்சிக்கிடுங்க. சத்தம் இருந்தது எங்களுக்குத் தெரியும்லா."

வைத்திருக்கிறேன்.