லைன் கிடைக்காத கார்டு

ஜவுளிக்கடையில் சேலையை விரிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, தொண்டையையும் விரிக்கத் தெரிய வேண்டும். எனக்குத் தொண்டை இல்லை. வீட்டில் தாத்தா ராத்திரியில் கதை சொல்லும்போது நடுவில் பேசக்கூடாது என்பதாலேயே மெதுவாகப் பேசிப் பழகியவன். என்னைப்போல் கல்லா ஓரம் உட்கார்ந்து திட்டு வாங்கியவர்களுக்கு இது புரியும்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் விழுப்புரம் கடைக்கு கிரெடிட் கார்டு மிஷின் வந்தது. அதைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை வேலைக்கு வைத்தார்கள். முதலாளி மிஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "தீபாவளிக்குள்ள இதனால வியாபாரம் ஏறணும். ஏறல, மிஷினும் போவும், நீயும் போவ."

தேய்க்கிற வேலை

கார்டை வைத்து, மேலே கார்பன் தாளை வைத்து, கைப்பிடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்க வேண்டும். முதல் கார்டை நான் இழுத்தபோது கெடார் கிராமத்திலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்க வந்த ஒரு விவசாயி, வேட்டி எடுக்க நின்றிருந்தார். கார்டுக்காரர் கையெழுத்துப் போட்டார், பையைத் தூக்கினார், போய்விட்டார். விவசாயி வாசல்வரை எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் ஓடிவந்தார்.

"யோவ் தம்பி, அந்தாளு காசு குடுக்காம துணிய எடுத்துக்கினு போறாரு, நீ ஒக்காந்து இஸ்திரி போட்டுக்கினு இருக்கியே!"

ஊருக்கே கேட்ட நம்பர்

பில் ஒரு அளவுக்கு மேலே போனால் மெட்ராஸ் பேங்கிடம் போனில் அனுமதி வாங்கணும். வெளியூர் போன் என்றால் அப்போது டிரங்கால்தான்; புக் பண்ணிவிட்டுக் காத்திருக்கணும். லைன் கிடைத்தாலும் அந்தப் பக்கம் பேசும் பேங்க் அம்மா, "உரக்கச் சொல்லுங்க சார்" என்றே சொல்லிக்கொண்டிருப்பார்.

திண்டிவனத்து டாக்டர் ஒருவரின் கார்டு நம்பரை நான் சொல்லச் சொல்ல, அந்த அம்மாவுக்குக் கேட்கவேயில்லை. முதலாளி முறைத்தார். கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். பிறந்ததிலிருந்து நான் போட்ட ஒரே சத்தம் அதுதான். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். எதிரே இருந்த சோடாக்கடைக்காரர் ரோட்டைத் தாண்டி வந்தார்.

"டாக்டரே, உங்க கடைசி நம்பர் ஆறா, ஒம்போதா? தம்பி மாத்தி மாத்திச் சொல்லுது!"

மலை கரைந்தது

கூட்டேரிப்பட்டில் லாரி வைத்திருந்த ஒருவர், தன் மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க மனைவியோடு வந்தார். சட்டைப்பையில் புதுக் கார்டு. மலை மாதிரி குவித்துவிட்டார். முதலாளி முகத்தில் தீபாவளி. நான் டிரங்கால் புக் பண்ணினேன். லைன் வரவில்லை. காபி வந்தது, கலர் சோடா வந்தது, லைன் மட்டும் வரவில்லை.

சும்மா உட்கார்ந்திருந்த அவர் மனைவி என்னைக் கேட்டார்: "தம்பி, இத எப்ப கட்டணும்?"

"பில்லுல போட்ட தேதிக்குள்ள முழுசா கட்டிட்டா ஒண்ணுமில்லீங்க. தவறினா மாசாமாசம் வட்டி ஏறும்" என்றேன், என் வழக்கமான குரலில். முதலாளிக்குக் கேட்கவில்லை. அந்த அம்மாவுக்கு நன்றாகக் கேட்டது.

குவியலைப் பிரிக்க ஆரம்பித்தார். "இது பொண்ணுக்கு, இருக்கட்டும். இது நாத்தனாருக்கு, நூல் சேலை போதும். இது எதுக்கு? ஓ, பவுசுக்கு!" மலை கரைந்து, மெட்ராஸைக் கேட்கவே வேண்டாத அளவுக்கு இறங்கிவிட்டது. முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் என் வேலையும் பாதி கரைந்தது. படியிறங்கும்போது அந்த அம்மா சொன்னார்:

"நல்ல காலம் தம்பி, லைன் ஜல்தியா கிடைச்சிருந்தா எங்க லாரி போயிருக்கும்!"

மாடி பாக்கி

தீபாவளி நெருங்கியது. "மிஷினைக் கட்டி வை, நாளைக்குத் திருப்பி அனுப்பணும்" என்றார் முதலாளி. நான் சணல் தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு வேன் நின்றது. அதே கூட்டேரிப்பட்டு அம்மா. பின்னாலேயே சம்பந்தி வீட்டார், சித்தி, பெரியம்மா, கார்டு வைத்திருக்கும் பாண்டிச்சேரி மாப்பிள்ளை ஒருவர்.

"மத்த கடையில எடு எடுன்னு பேஜாரு பண்றாங்க. இங்க போன் வர்றதுக்குள்ள நிதானமாப் பொறுக்கலாம், வேணாங்கறத வெச்சிடலாம். அந்த மெதுவாப் பேசற புள்ளயையே போன் போடச் சொல்லுங்க" என்றார் முதலாளியிடம்.

அவர்கள் கீழ்த்தளத்தில் சேலை பொறுக்கத் தொடங்க, நான் சணலைப் போட்டுவிட்டு போனைப் பிடித்தேன். அன்றைக்கென்று லைன் உடனே கிடைத்தது. வேலை போகாமலிருக்க, உயிரைக் கொடுத்துக் கத்த வாயைத் திறந்தேன். முதலாளி பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார்.

"மெதுவா பேசுடா! மெட்ராஸ்காரிக்கு ஜல்தியா புரிஞ்சிடப் போவுது, இவங்க இன்னும் மாடியே பாக்கல!"

கிரெடிட் கார்டை ஒழுங்காக உபயோகிப்பது எப்படி என்று என்னைக் கேட்டால், முதலில் லைன் கிடைக்காத ஊராகப் பார்த்துக் கடைக்குப் போங்கள் என்பேன்.