அக்கா கடைக்கு ஒரு பெயர்

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடி அறையில் ஷாமினியின் அலுவலகம். அலுவலகம் என்றால் ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு சிவப்புப் பேனா, அவ்வளவுதான். சிறு வியாபாரிகள் தங்கள் பெயர் அட்டையையோ பேனரையோ தூக்கிக்கொண்டு படியேறி வருவார்கள். இறங்கிப் போகும்போது அதில் பாதி இருக்காது. சிவப்புப் பேனா அடித்திருக்கும். அந்தத் தெருவில் அவளுக்குக் 'கத்தரிக்கோல் மிஸ்' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

சாலாக் செலாத்தானில் பிறந்து வளர்ந்தவள். பதினோரு ஆண்டுகள் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஷாம்பு பாட்டிலுக்கும் பிஸ்கட் டின்னுக்கும் வடிவம் வரைந்தாள். ஒருநாள் ஆட்குறைப்பு என்று சொல்லி மரியாதையாக வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரம் அழுதாள். எட்டாம் நாள் எழுந்து, இனிமேல் பெரிய கம்பெனி சகவாசமே வேண்டாம், நம் ஆட்களுக்கே செய்வோம் என்று முடிவு செய்தாள். அப்போது அவளுக்கு வயது முப்பத்தாறு.

நம் ஆட்களோ லேசுப்பட்டவர்கள் இல்லை. பலகை என்று ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அதில் ஓர் அங்குலம் சும்மா கிடக்கப் பொறுக்காதவர்கள். ஏர்கோன் பழுதுபார்க்கும் திருச்செல்வம் கொண்டுவந்த அட்டையில் பிள்ளையார் இருந்தார், முருகன் இருந்தார், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திருச்செல்வமும் இருந்தார். போதாதென்று மூன்று தொலைபேசி எண்கள் வேறு.

"இதுல எந்த நம்பர்ல கூப்பிட்டா எடுப்பீங்கண்ணே?"

"முதல் நம்பர்லதாம்மா. ரெண்டாவது வீட்டுக்காரியோடது. மூணாவது கட் ஆயி ரெண்டு வருசம் ஆச்சு."

"கட் ஆன நம்பரு எதுக்கு?"

"அது ராசியான நம்பர் லா."

ஷாமினி அட்டையைத் தன் பக்கம் இழுத்தாள். பேனாவை எடுத்தாள். கடைசியில் அட்டையில் மிஞ்சியது ஒரு பெயரும் ஓர் எண்ணும், 'ஏர்கோன் குளிரவில்லையா?' என்ற ஒரே ஒரு கேள்வியும்தான். திருச்செல்வம் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மறுமாதம் வேலை தலைக்கு மேல் போனதும் ஒரு பை நிறைய ரம்புத்தான் பழம் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். இப்படி நாலைந்து பேருக்கு நல்லது நடந்ததும் ஷாமினிக்குத் தன் பேனாமேல் நம்பிக்கை கூடிவிட்டது. அளவுக்கு மீறியே கூடிவிட்டது என்று சொல்ல வேண்டும்.

அந்த நேரத்தில்தான் சுலைகா வந்தாள். கிள்ளானிலிருந்து காப்பார் போகும் சாலையோரத்தில் அவளும் கணவன் ஹைதரும் பதினான்கு ஆண்டுகளாகச் சாப்பாட்டுக் கடை நடத்திவந்தார்கள். ஹைதர் அடுப்படியைவிட்டு வெளியே வராத மனிதர். மீன்தலைக் கறி வைப்பதில் அவரை அடிக்க ஆளில்லை. ஆனால் பேசச் சொன்னால் வியர்த்துவிடும். கடையின் வாசல், கல்லா, வாய் எல்லாம் சுலைகாதான். பக்கத்தில் புதிதாக இரண்டு கடைகள் முளைத்துவிட்டன, நம் கடை மட்டும் அழுது வடிகிறது, பார்க்க அழகாக மாற்றிக்கொடு என்று கேட்டாள்.

ஷாமினி கடையைப் பார்க்கப் போனாள். மதியம் மூன்று மணிக்குப் போனாள். அப்போதுதான் கூட்டம் இருக்காது, நிம்மதியாக அளவெடுக்கலாம் என்று அவளே தேர்ந்தெடுத்த நேரம் அது. பலகையில் பதினேழு சாப்பாட்டுப் பெயர்கள் மங்கிக் கிடந்தன. கடையின் பெயரைக் காணோம். வாசலை அடைத்துக்கொண்டு கல்லா மேசை, அதன் பின்னால் ஓர் உயரமான முக்காலி. ஷாமினிக்குக் கை பரபரத்தது.

நோன்பு மாதத்தில் எப்படியும் கடையைப் பூட்டித்தான் வைப்பார்கள். அந்த ஒரு மாதத்தில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டாள். கல்லா பின்சுவருக்குப் போனது. வாசலுக்குக் கண்ணாடிக் கதவு, உள்ளே ஏர்கோன். வெயில் தெரியாமலிருக்கக் கண்ணாடியில் வெள்ளை ஸ்டிக்கர். பதினேழு பெயர்களும் போய், பலகையில் பச்சை நிறத்தில் ஓர் இலையும் ஒரே ஒரு சொல்லும் நின்றன. சுலைகா. உண்மையிலேயே அழகான பலகை. தன் பெயரை அவ்வளவு பெரிதாகப் பார்த்த சுலைகா வெட்கப்பட்டுச் சிரித்தாள். ஷாமினிக்கும் நெஞ்சு நிறைந்துவிட்டது.

பெருநாள் முடிந்து கடை திறந்து மூன்று வாரம் ஆனபின் ஒரு புதன்கிழமை, தன் வேலையைப் படமெடுத்துத் தன் இணையப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம் என்று ஷாமினி கொமியூட்டர் ரயிலேறிக் கிள்ளான் போனாள். இந்த முறை சாப்பாட்டு நேரத்துக்கே போனாள். கடையில் இரண்டே இரண்டு பேர். உள்ளே ஏர்கோன் ஜில்லென்று ஓடிக்கொண்டிருக்க, பின்சுவரோரம் சுலைகா தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"பெருநாள் லீவு இன்னும் முடியல போல," என்றாள் சுலைகா, ஷாமினியின் முகத்தைப் பார்க்காமல். பிறகு அவளால் அடக்க முடியவில்லை. "மூணு வாரமா இப்படித்தான்மா. சனிக்கிழமை ஜெயராஜ் அங்கிள் வராரு, கடை அவரோடது. ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. தொடர்றமா இல்லையான்னு சொல்லணும். டெங்கில் ஊர்ல எங்க வீட்டுக்காரருக்குத் தம்பி முறை இல்யாஸ் கடை வச்சிருக்கான், சமைக்க வாங்கன்னு இவரக் கூப்பிடுறான். இவரும் சரிங்கற மாதிரி இருக்காரு."

"நீங்கக்கா?"

"நான் என்ன பண்ண? வீட்ல இருக்க வேண்டியதுதான்." அதைச் சொன்ன விதத்திலேயே, அவளுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று தெரிந்தது.

 படமெடுக்க வந்ததாகச் சொல்ல வாய் வராமல், ஷாமினி இதோ வருகிறேன் என்று வெளியே போய்ச் சாலையைக் கடந்து எதிரே இருந்த டயர் கடை நிழலில் நின்றாள். தன் பலகையைப் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு என்ன கேடு வந்தது இந்தக் கடைக்கு?

அப்போது ஒரு லோரி வேகத்தைக் குறைத்தது. ஓட்டுநர் சன்னல் வழியே கையை நீட்டி இரண்டு விரலைக் காட்டினார். கடைப் பக்கம் பார்த்தார். வெள்ளைக் கண்ணாடிதான் தெரிந்தது. கையை உள்ளே இழுத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி லோரியை நிறுத்திவிட்டு இறங்கி டயர் கடைக்கு வந்தார்.

"தினமும் மறந்துபோயி விரல நீட்டிடறேன்," என்று டயர் கடைக்காரனிடம் தலையைச் சொறிந்தார். அவர் பெயர் தம்புசாமி, துறைமுகத்துக்குப் பெட்டி ஏற்றிப்போகிறவர்.

"ரெண்டு விரல்னா என்னண்ணே?" என்று கேட்டாள் ஷாமினி.

"ரெண்டு பொட்டலம் மா. அந்தக் கடையில ஒரு அக்கா இருந்தாங்க. வாசல்லயே உசரமா உக்காந்திருப்பாங்க. நாங்க தூரத்துல வர்றப்பவே விரலக் காட்டுவோம். லோரிய ஓரங்கட்டி இறங்கறதுக்குள்ள கட்டி ரெடியா வச்சிருப்பாங்க. எனக்குக் குழம்பு தனியா, லோரியில கூட வர்ற ஜெயாவுக்குக் காரம் கம்மியா, எல்லாம் மனப்பாடம். பாவம், வித்துட்டுப் போயிட்டாங்க."

"யாரு சொன்னா வித்துட்டாங்கன்னு?"

"சொல்லணுமா என்ன? நோன்புக்கு மூடுனாங்க, திறந்தா எல்லாமே புதுசு. அந்த அக்காவும் இல்ல. யாரோ சுலைகாவாம், புது முதலாளி. ஏர்கோன்லாம் போட்டிருக்கு. நாம இந்த அழுக்குச் சட்டையோட உள்ள போறதா?"

ஷாமினிக்கு முகம் சுட்டது. இந்தச் சாலையில் போகிற நூறு பேருக்கு அது 'அக்கா கடை'. அக்காவுக்குப் பெயர் என்ன என்று பதினான்கு வருடமாக ஒருவரும் கேட்கவில்லை. கேட்க அவசியமும் வரவில்லை. ஆளைத் தூக்கி உள்ளே மறைத்துவிட்டு அவள் பெயரை வெளியே மாட்டிய புத்திசாலி யார்? கத்தரிக்கோல் மிஸ். திருச்செல்வத்தின் கட்டான நம்பரைப் பார்த்துச் சிரித்தோமே, அந்த மனிதருக்கு எந்த நம்பர் எதற்கு என்றாவது தெரிந்திருந்தது என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

"அண்ணே, ஒரு நிமிசம் வாங்க," என்று தம்புசாமியைச் சட்டைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனாள். கண்ணாடிக் கதவைத் திறந்ததும் பின்சுவரோரம் உட்கார்ந்திருந்தவளை அவர் பார்த்தார்.

"அக்கா! நீங்க இங்கதான் இருக்கீங்களா?"

"நான் எங்கப்பா போனேன்? நீங்கதான் யாரையும் காணோம்!" என்று எழுந்த சுலைகா, பேச்சை முடிக்காமலே குழம்பைத் தனியாகக் கட்டத் தொடங்கிவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

தம்புசாமி போனதும் ஷாமினி நடந்ததை மறைக்காமல் சொன்னாள். தன் தப்பு என்றாள். சுலைகா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு வெடித்தாள்.

"ஒரு தடவ, ஒரே ஒரு தடவ பன்னெண்டு மணிக்கு வந்து பாத்திருக்கலாம்ல நீ? லோரிக்காரங்கள வச்சுத்தான இந்தக் கடையே ஓடுது!"

"ஆமாக்கா."

"நானும் ஒரு கூறுகெட்டவ. கவுண்டரப் பின்னாடி தள்றப்பவே எனக்கு என்னமோ மாதிரிதான் இருந்துச்சு. படிச்ச பொண்ணு, தெரிஞ்சுதான் செய்யும்னு வாய மூடிக்கிட்டேன்." மூச்சு வாங்கினாள். கோபம் வந்த வேகத்திலேயே இறங்கியது. "சரி, அழுவாத. இப்ப என்ன பண்ணலாம், அதச் சொல்லு."

"போர்ட எடுத்துடறேன்."

"போர்ட எதுக்கு எடுக்கற? எம் பேரு அவ்வளவு அழகா இருக்கு. என்னைய முன்னாடி கொண்டுபோயி வை, போதும்."

அன்றைக்கே வேலை தொடங்கியது. ஷாமினி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கண்ணாடி ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்தாள். டயர் கடை ஆட்கள் இரண்டு பேர் வந்து கதவைக் கழற்றினார்கள். ஹைதர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கல்லாவின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை ஷாமினி பிடித்தாள். முக்காலி பின்கட்டில் வெங்காய மூட்டைக்கு அடியில் கிடந்தது. 'பழைய அக்காவே இருக்கிறார்' என்று படத்தோடு ஒரு பேனர் கட்டலாமா என்று, வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஷாமினி தானாக ஒரு பேனருக்கு ஆசைப்பட்டாள்.

"ஆளே இருக்கறப்ப படம் எதுக்கு?" என்றாள் சுலைகா.

பேனர் தேவைப்படவும் இல்லை. தம்புசாமி தங்கள் லோரிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டுவிட்டிருந்தார். "டேய், அக்கா கடைய விக்கலடா. உள்ளுக்குள்ள ஒளிஞ்சிருந்தாங்க. சுலைகாங்கறதே அவங்கதான்டா." இதைவிட நல்ல விளம்பர வாசகத்தைப் பதினோரு வருட அனுபவம் எழுதித் தந்துவிடாது என்று ஷாமினியே ஒப்புக்கொள்வாள்.

வியாழக்கிழமை சன்னல்களிலிருந்து விரல்கள் நீண்டன. இரண்டு, நான்கு, ஒரு லோரியிலிருந்து இரண்டு கையும். வெள்ளிக்கிழமை ஹைதர் இரண்டாவது முறை சோறு வடிக்க வேண்டியதாயிற்று. ஆனாலும் இரண்டு நாள் கூட்டத்தை நம்பி மூன்று வருடத்துக்குக் கையெழுத்துப் போடலாமா என்று அவர் தயங்கினார். வேலைக்கு வரமாட்டேன் என்று இல்யாஸிடமும் இன்னும் சொல்லவில்லை. சுலைகாவும் அவரை வற்புறுத்தவில்லை. அவளுக்குள் பயம் இருந்தது.

சனிக்கிழமை பன்னிரண்டரை மணிக்கு ஜெயராஜ் அங்கிள் வந்தார். ஓய்வுபெற்ற அஞ்சலக அதிகாரி, விறைப்பான மனிதர். வாடகை வங்கிக்குப் போய்விடும் என்பதால் வருடத்துக்கு ஒருமுறை வந்தால் அதிகம். வந்தவர் நேராக வரிசையை விலக்கிக்கொண்டு கல்லாவுக்கு முன்னால் நின்றார். ஷாமினி அப்போது பொட்டலங்களுக்கு ரப்பர் போட்டுக்கொண்டிருந்தாள்.

"ஹைதர் எங்க? கடைய அவன் பேருக்குத்தான் விட்டேன். யாரைக் கேட்டு உள்வாடகைக்கு விட்டான்? யாரு அந்த சுலைகா? முதல்ல அந்தம்மாவ வரச் சொல்லுங்க!"

சோற்றுக் கரண்டியோடு சுலைகா அவரையே பார்த்தாள். பதினான்கு வருடமாக அவர் வரும்போதெல்லாம் தேநீர் கலக்கிக் கொடுத்தவள்.

"நான்தான் அங்கிள் சுலைகா."

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஜெயராஜ் பலகையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். அவளைப் பார்த்தார். விறைப்பு முழுக்க வடிந்துபோய், "மிஸஸ் ஹைதர்னுதாம்மா எனக்குத் தெரியும்," என்றார் மெதுவாக. பிறகு வேறு என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

சாப்பிட்டு முடித்துக் கைகழுவி வந்து ஒப்பந்தத் தாளை மேசைமேல் விரித்தார். "என்ன முடிவு?"

சுலைகா அடுப்படிப் பக்கம் திரும்பினாள். அதன் வாசற்படியில் ஹைதர் நின்றிருந்தார். பேசச் சொன்னால் வியர்க்கிற மனிதர், வரிசை முழுக்கக் கேட்கும்படி பேசினார்.

"தொடர்றோம் அங்கிள். இந்தத் தடவ என் பேருல வேணாம். அவ பேருல எழுதுங்க."

சுலைகா கரண்டியைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் இரண்டு முறை துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினாள். வெளியே ஒரு லோரி நின்று ஹாரன் அடித்தது. "இருப்பா, கையெழுத்துப் போட்டுட்டு வரேன்!" என்று கத்திவிட்டு, நிதானமாகத் தன் முழுப் பெயரையும் எழுதினாள்.