இடியின் இடது கால்

சாப்பிட உட்கார்ந்தாலும் மாடிவீட்டுக்காரருடைய இடது கால் சும்மா இருக்காது. மேசைக்கு அடியில் தடதடவென்று ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் டம்ளர் தானாக நகர்ந்து விளிம்புக்கு வந்துவிடும். "இந்தக் காலைக் கட்டிப் போட்டாத்தான் நிம்மதியாச் சாப்பிட முடியும்" என்று சொல்லிக்கொண்டே அவர் மனைவி டம்ளரைத் தள்ளி வைப்பாள்.

பகலில் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறார். சாயங்காலம் மாடியில் டிரம்ஸ். ஹெவி மெட்டல் என்று அதற்குப் பெயராம். குழுவில் அவரை 'இடி' என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய டிரம்மை ஒரு பெடல் மிதி வைத்து ஒரு காலால் அடிப்பவர்கள் உண்டு. இவருக்கு இரண்டு மிதி, இரண்டு காலும். இரண்டும் சேர்ந்துகொண்டால் கீழ்வீட்டில் என் தையல் மிஷின் மேல் சுண்ணாம்பு உதிரும். ஆனால் மனிதர் பூ மாதிரி. ஆரம்பிக்கும் முன் படியில் நின்று குரல் கொடுப்பார்: "அக்கா, சாமி கும்பிட்டாச்சா? இடிக்கலாமா?"

"இடிங்க தம்பி" என்று நான் சொன்ன பிறகுதான் முதல் அடி விழும்.

போன வருடம் அவர்கள் பாட்டு மாறியது. பாடுகிறவன் இவருடைய மைத்துனன். அதுவரை கிணற்றில் விழுந்தவன் மாதிரி கத்திக்கொண்டிருந்தவன், ஒருநாள் ராகம் போட்டுப் பாட ஆரம்பித்தான். கடவுள் கொடுத்த குரலை இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தானோ! கித்தார்க்காரரும் ஒவ்வொரு கம்பியாக, நிதானமாக மீட்டினார். கேட்க வரும் கூட்டம் கூடியது. இடியின் இரண்டாவது மிதியைக் கழற்றி மூலையில் வைத்தார்கள்.

மிதி போனாலும் பழக்கம் போகவில்லை. பாட்டின் நடுவே டிரம்ஸ் அடங்க வேண்டிய இடம் ஒன்று வரும். அங்கே இடது கால் தானாகத் தரையைத் தட்டும். மைக் அதையும் பிடித்துக்கொள்ளும்.

ஒத்திகை முடிந்து படியிறங்கி வரும்போது மைத்துனன் பேச்சை எடுத்தான்.

"மாமா, அந்த இடத்துல ஒண்ணும் வேணாம். சும்மா இருங்க."

"சும்மா இருக்கறதுக்கு நான் எதுக்குடா? வேன்லயாவது இந்தக் காலுக்கு கிளட்ச் இருக்கு."

"விளையாடாதீங்க மாமா. சனிக்கிழமை மேடையிலயும் தட்டுனீங்கன்னா வேற ஆளப் போடலாம்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க அக்கா மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"

"உங்கக்காவுக்கு சந்தோஷம்தான். டம்ளர் நகராதுல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்கப்புறம் மாடியில் சத்தமே இல்லை. வெள்ளிக்கிழமை என் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, பஞ்சு வச்சு ஒரு திண்டு தைச்சுத் தர்றீங்களா? நல்லா தடிமனா."

"உக்காரவா தம்பி?"

"இல்லக்கா. காலுக்கு."

சனிக்கிழமை அவர் மனைவி என்னையும் மண்டபத்துக்கு அழைத்துப் போனாள். மேடைக்குப் பக்கவாட்டில்தான் இடம் கிடைத்தது. அந்தப் பாட்டு வந்தது, அந்த இடமும் வந்தது. மைத்துனன் கண்ணை மூடிக்கொண்டு தனியாகப் பாடினான். ஜனம் அசையாமல் கேட்டது. பக்கத்தில் அவர் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இடி இரண்டு குச்சிகளையும் மடியில் வைத்தார். இடது காலை ஷூவிலிருந்து மெல்ல உருவினார். வெறுங்காலைத் திண்டின் மேல் வைத்து, ஒரு சத்தமும் வராமல், பழைய வேகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தார்.