சின்னத்தம்பியின் எடை

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பேச்சியம்மாவுக்கு எந்தத் தராசின் மேலும் நம்பிக்கை கிடையாது. அவளைக் குறை சொல்லவும் முடியாது. கலியாணமாகி வந்த நாள் முதல் அவள் சாக்கைத் தராசில் தொங்கவிட, முள் ஆடி நிற்பதற்குள் கணக்கப்பிள்ளை "சாக்குக்கு ரெண்டு, ஈரத்துக்கு ரெண்டு" என்று கழித்துக்கொண்டே வந்திருக்கிறார். வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் ஈரத்துக்குக் கழிவு உண்டு. இப்போது முள் போய், எண் ஓடுகிற தராசு வந்துவிட்டது. கழிவு மட்டும் போகவில்லை.

கடையில் பருப்பு நிறுத்தால் தட்டைத் தூக்கி அடியைப் பார்ப்பாள். பால் வாங்கினால் விரலை விட்டுப் பார்ப்பாள். பூசாரி கொடுக்கிற விபூதியைக்கூட உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பாள் என்று லயத்து வரிசை வீடுகளில் கேலி உண்டு.

அவள் புருஷன் சின்னத்தம்பி நேர்மாறு. யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற ஆள். மடகஸ்காரில் மாணிக்கக் குழி வெட்டுகிறவர்களுக்குச் சமைத்துப்போட ஆள் வேண்டும் என்று ஒரு வியாபாரி கேட்டபோது, அது எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடக் கேட்காமல் போய்விட்டான். திரும்பி வந்தபோது கன்னம் ஒட்டியிருந்தது. வந்த கையோடு காய்ச்சல். நடுங்கும், கொதிக்கும், வியர்த்து ஊற்றும், பிறகு ஒன்றுமே நடக்காதது போல எழுந்து சோறு கேட்பான்.

"இது நம்மூருக் காய்ச்சல் இல்ல," என்றாள் பேச்சியம்மா. தோட்டத்து மருந்துக்காரர் கொடுத்த பனடோல் மாத்திரையையும் அவள் நம்பவில்லை. ஒரு காலையில் அவன் அவளை யாரென்றே தெரியாமல் "நீங்க யாருங்க?" என்று மரியாதையாகக் கேட்டான். ஆட்டோ பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள்.

டொக்டர் சிங்களத்தில் கேட்ட முதல் கேள்வியே வெளிநாடு போனாரா என்பதுதான். மடகஸ்கார் என்றதும் அவர் முகம் மாறியது. ரத்தம் பார்த்தார்கள். மலேரியா. இலங்கையில் இல்லாமலே போன காய்ச்சல், போய் வருகிறவர்கள் உடம்பில் ஏறி வருமாம். மூளையைத் தொட்டுவிட்டதால் மாத்திரை சரிவராது, உடனே ஊசி போடவேண்டும் என்றார்கள்.

தமிழ் பேசுகிற நர்ஸ் ஒருத்தி ஓடி வந்தாள். ஹப்ஸா என்று பெயர்.

"அக்கா, இவருக்கு எழும்ப ஏலாது. எத்தன கிலோ இருப்பாரு?"

"எதுக்குங்க மிஸ்?"

"எடைக்குத்தான் மருந்து."

எடைக்கா? பேச்சியம்மாவுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது. எடை என்று ஒன்று இருந்தால் கழிவு என்று ஒன்று இருக்கும். கம்பளிக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று இவர்களும் கழிக்கத்தான் போகிறார்கள். வெளிநாடு போகுமுன் மெடிக்கல் சோதனையில் அவன் அறுபதுக்குக் கொஞ்சம் மேலே இருந்தான். இப்போது அதுவும் இல்லை.

"எழுவத்திரெண்டு," என்றாள் கூசாமல்.

ஹப்ஸா கம்பளிக்குள் சுருண்டு கிடந்தவனை ஒரு தரம் பார்த்தாள். அவசரம். எழுதிக்கொண்டாள்.

அதன்பிறகு பேச்சியம்மா கண்ணை எடுக்கவில்லை. சின்னச் சின்னக் குப்பிகளில் வெள்ளைத் தூள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு தண்ணீரை ஏற்றிக் குலுக்கினாள் ஹப்ஸா. தூள் கரைந்து தெளியும்வரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு இன்னொரு தண்ணீரையும் சேர்த்தாள். ஒரு தண்ணி போதாதென்று ரெண்டு தண்ணியா? பால்காரனே தேவலை என்று நினைத்தாள் பேச்சியம்மா. மெதுவாக நரம்பில் ஏற்றி முடித்ததும், கடைசிக் குப்பியில் மிஞ்சிய கொஞ்சத்தை ஹப்ஸா கழிவு வாளியில் போட்டாள்.

அவ்வளவுதான், பேச்சியம்மாவின் வாய் திறந்துகொண்டது.

"என்னாங்க மிஸ் இது? தண்ணியக் கலந்தீங்க, மிச்சத்தையும் வீசுறீங்க. அடுத்த ஊசிக்கு வச்சிருந்தா என்னா?"

ஹப்ஸா கோபப்படவில்லை. "கரைச்ச மருந்த வச்சிருந்தா கெட்டுப் போயிரும், அக்கா. ஒவ்வொரு தரமும் புதுசாத்தான் கரைக்கணும். அதுக்குன்னு உள்ள தண்ணியிலதான் கரைக்கணும். கலங்கலா இருந்தா தொடவே கூடாது."

"மிஞ்சினதையும் சேத்து ஏத்தியிருக்கலாமே?"

"அது ஏலாது. அவரு எடைக்கு எவ்வளவோ அவ்வளவுதான். கொறஞ்சா நோய் மிஞ்சும். கூடினா ஒடம்புக்குக் கூடாது."

 பேச்சியம்மா கட்டிலைப் பார்த்தாள். கம்பளிக்குள் இருப்பவன் எழுபத்திரண்டு கிலோ ஆள் இல்லை. ஹப்ஸா அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். பேச்சியம்மா எழுந்தாள், உட்கார்ந்தாள். சொன்னால் என்ன சொல்லுவார்களோ? பொய்க்காரி என்று வெளியே பிடித்துத் தள்ளினால்? சொல்லாமல் விட்டால், அடுத்த ஊசியும் அதே எடைக்குத்தான் கரைப்பார்கள்.

பொழுது சாயும் நேரம் ஹப்ஸா குப்பியோடு வந்தபோது பேச்சியம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மிஸ், நான் கூட்டிச் சொல்லிட்டேன். நீங்க கழிப்பீங்கன்னு நெனச்சேன். அவரு அவ்வளவு இல்ல."

ஹப்ஸாவுக்கு முதலில் விளங்கவில்லை. சாக்கு, ஈரம், கணக்கப்பிள்ளை என்று பேச்சியம்மா அழுதுகொண்டே சொன்ன பிறகுதான் விளங்கியது. குப்பியைத் திறக்காமல் வைத்துவிட்டு டொக்டரிடம் ஓடினாள். திரும்பி வந்து, "போட்ட ஊசியால பயப்பட வேணாமாம். நானும் நிறுத்துப் பாத்திருக்கணும், என்னோட பிழையும் இருக்கு," என்றாள்.

நாற்காலியோடு இருக்கிற தராசைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஆளை ஏற்றுமுன் பேச்சியம்மா குனிந்து எண் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்த்தாள். பழக்கம் விடுமா? அவனை உட்காரவைத்ததும் கம்பளியை அவளே உருவினாள். ஐம்பத்தேழு.

"கட்டியிருக்குற சாரத்துக்கு எவ்வளவு கழிப்பீங்க?"

"இங்க கழிக்கிறது இல்ல, அக்கா," என்றாள் ஹப்ஸா.

அடுத்த நாள் சின்னத்தம்பிக்கு நினைவு தெளிந்தது. "பேச்சி, சாப்புட்டியா?" என்று கேட்டான். அவளுக்கு உயிர் வந்தது. ஊசி நின்று மாத்திரை தொடங்கியது. வீட்டுக்கு அனுப்பும்போது ஹப்ஸா அவளைத் தனியாக அழைத்தாள்.

"மாத்திரைய முடிக்கணும். கிழமைக்கு ஒருக்கா, வாரம் தவறாம ரத்தம் பாக்க வரணும். இந்த ஊசி நோயக் கொல்லும், ஆனா சில பேருக்குக் கொஞ்ச நாள் கழிச்சு ரத்தம் ஒடஞ்சு கொறையும். ஒண்ணுக்கு பால் ஊத்தாத பிளேன்டீ மாதிரி கறுத்துச்சுன்னா ஒடனே கொண்டு வந்துருங்க."

லயத்தில் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் அழகம்மாவிடம் இந்தக் கதை எடுபடவில்லை. "சொகமான ஆளுக்கு எதுக்குடி கிழமைக்குக் கிழமை ரத்தம்? எடுத்து வித்துருவாங்க," என்றாள். அந்தச் சொல் பேச்சியம்மாவின் மனதில் முள்ளாய்த் தைத்தது. முதல் கிழமை போனார்கள். ஊசிக்குழாயில் ரத்தம் ஏறுவதை அவள் முறைத்துக்கொண்டே நின்றாள். அடுத்த தடவை மழை பிடித்துக்கொண்டது. "நான்தான் நல்லா இருக்கேனே," என்றான் சின்னத்தம்பி. அவளும் வற்புறுத்தவில்லை.

ஆனால் அன்றிலிருந்து ஒரு விஷயம் அவளை உறுத்தியது. கக்கூசுக்கு ஒரு வாளி ஊற்றவே சோம்பல்படுகிற மனுஷன் இப்போது ரெண்டு வாளி, மூணு வாளி என்று ஊற்றுகிறான். பைப்படியிலிருந்து வரும்போது மூச்சு வாங்குகிறான். புருஷனையும் அவள் எப்போதும் முழுசாக நம்பினவள் இல்லை. காலையில் கக்கூஸ் வாசலில் போய் நின்றாள்.

"தண்ணி ஊத்தாதீங்க. கதவத் தொறங்க."

"உனக்கென்ன பைத்தியமா?"

"தொறங்கன்னா தொறங்க!"

உள்ளே பார்த்தாள். சாயம் கூடிப்போன பிளேன்டீ. அவன் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள், வெளிறிக் கிடந்தது. மஞ்சக்காமாலை என்று சொல்லி அழகம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்ததையும், தான் ஒளித்துக் குடித்து வந்ததையும் அவன் அப்போதுதான் சொன்னான். "மறுபடி படுக்க வச்சுருவாங்கன்னு பயம், பேச்சி."

அவள் திட்டவில்லை. தன்மேல்தான் அவளுக்கு ஆத்திரம். ரத்தம் விற்பார்கள் என்று நினைத்து ஒரு கிழமையைத் தின்றவள் அவள்தானே.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது ரத்தம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் டொக்டர். ஹப்ஸா சிவப்புப் பையொன்றைக் கொண்டுவந்து கம்பியில் தொங்கவிட்டாள். பேச்சியம்மா வழக்கம்போலக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"இது யாரு ரத்தம், மிஸ்?"

"யாரோ தந்தது, அக்கா. யாருன்னு எங்களுக்கும் தெரியாது."

"வெலைக்கா?"

"சும்மாதான் குடுக்கிறது."

 பேச்சியம்மா பையை அடியிலிருந்து மேல்வரை பார்த்தாள். ரத்தம் முட்ட முட்ட இருந்தது. பிறகு கட்டிலோரம் உட்கார்ந்து, அது சொட்டுச் சொட்டாகப் புருஷன் கைக்குள் இறங்கி முடியும்வரை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.