இசைத்தட்டில் வைத்த பொட்டு

அம்மா வேலைக்குப் போன வீடு, இத்தாலியில் நாங்கள் இருந்த நகரத்தின் பெரிய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால், மூன்றாம் மாடியில் இருந்தது. சனிக்கிழமைகளில் என்னையும் கூட்டிக்கொண்டு போவார். அம்மா நிலம் துடைக்கும்போது அந்த வீட்டுக் கிழவர் எனக்கு ஜாஸ் இசையின் வரலாறு சொல்வார். நாங்கள் அவரை 'ஐயா' என்ற அர்த்தத்தில் சிஞ்ஞோரே என்றுதான் கூப்பிடுவோம். ஓய்வுபெற்ற வாத்தியார். கேட்க ஒரு ஆள் அகப்பட்டால் லேசில் விடமாட்டார்.

செத்தவீட்டு ஊர்வலத்தில் ஊதிய வாத்தியங்கள் நடன மண்டபத்துக்குள் நுழைந்தது, பிறகு வந்த இளைஞர்கள் எவரும் ஆட முடியாத வேகத்தில் வாசித்தது, அவர்களுக்குப் பின் வந்தவர்கள் வேண்டுமென்றே மெதுவாக வாசித்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இசைத்தட்டுப் போட்டுக் காட்டுவார். ஒவ்வொரு தலைமுறையும் தகப்பன்மாருக்குக் கோபமூட்டத்தான் வாசித்தது என்பது அவருடைய கட்சி. எனக்கு வயது ஒன்பது. அந்தக் கட்சி எனக்கு உடனே பிடித்துவிட்டது.

ஒருமுறை பள்ளிக்கூடத்தில் பழைய பொருள் ஒன்றைக் கொண்டுவந்து அதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். சிஞ்ஞோரே தன்னிடம் இருந்ததிலேயே பழைய தட்டை எடுத்துத் தந்தார். அவருடைய பாட்டனார் அமெரிக்காவில், நியூ ஓர்லியன்ஸ் துறைமுகத்தில் வேலை செய்தபோது வாங்கியது. இன்னொன்று கிடைக்காது என்று இரண்டு தரம் சொன்னார்.

திங்கட்கிழமை பேச வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சரஸ்வதி பூசை. படிக்கிற சாமான் ஒன்றும் வெளியே இருக்கக் கூடாது என்பது அம்மாவின் சட்டம்.

"இது சிஞ்ஞோரேன்ரை, அம்மா."

"ஓம். அவரும் உனக்குப் படிப்பிக்கிறவர்தானே? வை."

புத்தகங்களுக்கு வைத்ததுபோலவே தட்டுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். உறை கிழிந்திருந்ததால் தட்டிலேயே வைத்தார். நடுவில் வைத்தால் பெயர் மறைந்துவிடும் என்று கொஞ்சம் தள்ளி, சரியாக ஊசி ஓடும் இடத்தில் வைத்தார்.

மறுநாள் துடைத்தபோது மேலே இருந்தது போனது, கோடுகளுக்குள் காய்ந்தது போகவில்லை. வகுப்பில் தட்டுப் போடும் பெட்டி இல்லாததால் என் பேச்சு நன்றாகவே முடிந்தது.

ஆனால் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவருடைய பெர்மெஸ்ஸோ, அதாவது வதிவிட அனுமதி, அடுத்த மாதம் முடிய இருந்தது. வேலைக் கடிதத்தில் சிஞ்ஞோரே கையெழுத்து வைக்காவிட்டால் அதைப் புதுப்பிக்க முடியாது, இந்த நாட்டில் இருக்கவும் முடியாது.

"சொல்லாமல் வைச்சிடுவம், அம்மா."

"நீ வாய் திறவாதை. நான் சொல்லுறன்."

சனிக்கிழமை அம்மா தனக்குத் தெரிந்த இத்தாலியனில் சாமி, பூசை, பொட்டு எல்லாம் சொல்லி முடித்தார். சிஞ்ஞோரே தட்டை வாங்கிப் போட்டார். ஒவ்வொரு சுற்றுக்கும் 'டக்' என்றது. அம்மா தான் துடைத்த நிலத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வந்தது.

பாட்டு முடிந்ததும் சிஞ்ஞோரே என்னிடம் சொன்னார்: "அந்தக் காலத்து இயந்திரங்களுக்கு மேளச் சத்தத்தைப் பிடிக்கத் தெரியாது. இந்தத் தட்டில் மேளமே கேட்டதில்லை. இப்போது உன் அம்மா மேளமும் வைத்துக் கொடுத்திருக்கிறார்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடனே வாயும் திரும்பிவிட்டது. பாட்டனார் அங்கே என்ன வேலை செய்தார் என்று கேட்டேன். கப்பலில் இருந்து எலுமிச்சம்பழப் பெட்டி இறக்கினாராம். அவரைப் போன்ற சிசிலித் தீவுக்காரருக்கு அங்கே ஒருவரும் வீடு கொடுக்காததால் கறுப்பு மக்களின் தெருவில் குடியிருந்தாராம். சுவருக்கு அந்தப் பக்கம்தான் இந்த இசையை முதலில் கேட்டாராம்.

வேறு நாட்டுக்குப் போனவரைப் பற்றிக் கேட்க எனக்குத் தெரிந்த கேள்வி ஒன்றுதான்.

"அவரிடம் பெர்மெஸ்ஸோ இருந்ததா?"

சிஞ்ஞோரே வாய்விட்டுச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. அவரைப் பார்த்ததும் சிஞ்ஞோரேயின் சிரிப்பு பாதியில் நின்றது. கடிதத்தைக் கேட்டு வாங்கி, மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

படி இறங்கும்போது அம்மா என் கையை வலிக்கும்படி இறுக்கிப் பிடித்திருந்தார். நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை சிஞ்ஞோரேயிடம் மன்னிப்புக் கேட்பதற்காக அந்தக் கிழமை முழுவதும் நல்ல இத்தாலியனில் ஒரு வசனத்தைப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன்.