குஞ்சோடு இருந்த விரால்

இறகால் பொய்ப்பூச்சி கட்டி மீன் பிடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: முள்ளை நசுக்குங்கள். தூண்டில் முள்ளின் நுனிக்குச் சற்றுக் கீழே எதிர்ப்பக்கமாக ஒரு சின்னக் கூர் எழும்பி நிற்கும். உள்ளே போன முள் திரும்பி வராமல் பிடித்துக்கொள்வது அதுதான். குறட்டால் ஒரு அழுத்து அழுத்தினால் படுத்துவிடும். அரை நிமிட வேலை. அதைச் செய்யச் சொல்லி என் வீட்டுக்காரர் ஒரு வருடம் என் காதில் ஓதினார். மீன் கழன்று ஓடினால் நீங்கள் போய்ப் பிடித்து வருவீர்களா என்று கேட்டு அவர் வாயை அடைத்தேன்.

எனக்குக் கோபம் அதிகம். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, ஆனால் மறைக்கவும் முடியாது, தெருவுக்கே தெரியும். விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக் கம்பெனி ஒன்றில் கண் எழுதுவது என் வேலை. கண் கோணலாக இருக்கிறது என்று சொன்ன சூப்பர்வைசர் எதிரிலேயே ஒரு தட்டு நிறையப் பொம்மைகளைத் தரையில் போட்டு உடைத்தவள் நான். வீட்டுக்காரர் அதே கம்பெனியில் சூளை அடுக்குகிறவர். கல்யாணமான நாளிலிருந்து என்மேல் கை ஓங்கியதில்லை. எங்கள் வீட்டில் பாத்திரம் பறந்தால் அது என் கையிலிருந்துதான் பறந்திருக்கும். ஒரு முறை டம்ளர் அவர் காதைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது.

இந்தக் கம்பும் கயிறு சுற்றுகிற உருளையும் சிங்கப்பூரிலிருந்து என் தம்பி கொண்டுவந்தவை. அவனுக்கு வீச வரவில்லை, மூட்டை கட்டி வைத்துவிட்டான். நான் செல்போனில் வீடியோ பார்த்துப் பழகினேன். பூச்சி கட்டுவது எனக்குச் சுலபமாக வந்தது. பொம்மைக்கு இமை எழுதுகிற விரலுக்கு அது பெரிய காரியமில்லை. கறிக்கடையில் சேவலின் கழுத்து இறகாகக் கேட்டு வாங்குங்கள், வால் இறகு விறைப்பாக நிற்கும், தண்ணீரில் நெளியாது. முள்ளின் தண்டில் தையல் நூலை நெருக்கிச் சுற்றி, சிவப்பு உல்லன் கொஞ்சம் வைத்துக் கட்டி, அதன்மேல் இறகைச் சுற்றிக்கொண்டு வாருங்கள். இழைகள் நூலுக்கடியில் மாட்டினால் ஊசியால் எடுத்துவிடுங்கள். கடைசி முடிச்சின்மேல் ஒரு சொட்டு நகப்பாலிஷ். ஜிலேபி மீனுக்கு ஒல்லியாகக் கட்டினால் போதும். விராலுக்கு இறகு அடர்த்தியாக வேண்டும், தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

வீசுவதுதான் கஷ்டம். மற்றத் தூண்டிலில் ஈயக்குண்டின் எடை தூண்டில் நரம்பை இழுத்துக்கொண்டு போகும். இதில் பூச்சிக்கு எடையே கிடையாது, கயிறுதான் எடை. அந்தக் கயிறு முதலில் உங்களுக்குப் பின்னால் முழுசாக நீள வேண்டும், ஒரு மூச்சு பொறுத்து முன்னால் அடிக்க வேண்டும். ஆகையால் திரும்பிப் பார்க்காமல் வீசக்கூடாது. வீடியோவில் இதைத்தான் எடுத்த எடுப்பில் சொன்னார்கள். அந்த இடத்தை நான் பார்க்காமல் ஓட்டிவிட்டேன்.

ஊருக்கு வெளியே களிமண் வெட்டியெடுத்த பள்ளம் ஒன்று மழைத்தண்ணீர் நிறைந்து குளமாகக் கிடக்கிறது. மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் போயிருந்தோம். கரையோரத்துக் கோரைப் பக்கத்தில் தண்ணீர்மேல் சிவப்பாக ஒரு வட்டம் கொதித்துக்கொண்டிருந்தது. விரால் குஞ்சுகள். ஆயிரம் இருக்கும், காற்றுக் குடிக்க ஒன்றாக மேலே வந்து ஒன்றாகக் கீழே போயின. அடியில் பெரியது காவல் இருந்தது. காவலில் இருக்கிற விரால் பசிக்குக் கடிக்காது. குஞ்சுக்குப் பக்கத்தில் எது வந்தாலும் கொல்லத்தான் வரும். வட்டத்தின் நடுவில் பூச்சியைப் போட்டேன். தண்ணீர் வெடித்தது. விரால் பூச்சியை அடித்து ஒரு முழம் தள்ளிவிட்டுக் கீழே போனது. முள் மாட்டவில்லை. மறுபடி போட்டேன், மறுபடி அடித்தது. அந்த அடியைக் கம்பில் உணர்ந்தபோது என்னை மாதிரியே ஒன்று கீழே இருக்கிறது என்று நினைத்தேன். சந்தோஷமாக இருந்தது. அதை வெளியே இழுத்துப் போடாமல் வீட்டுக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

"வுடு புள்ள, குஞ்சோட இருக்குது. அத எடுத்துட்டா இதுங்க ஒண்ணுகூட நிக்காது," என்றார் அவர்.

"வாய மூடிக்கினு நில்லுங்க."

"சொல்றத கேளு. வேற எடத்துல போடலாம்."

மூன்றாவது அடியும் தவறியது. எனக்குக் கண் மண் தெரியவில்லை. அவர் கம்பைப் பிடித்து நிறுத்தப் பின்னாலேயே வந்திருக்கிறார். நான் திரும்பவில்லை. இருந்த கோபத்தையெல்லாம் சேர்த்துக் கயிற்றைப் பின்னால் வீசினேன். பின்னால் ஏதோ பிடித்தது. செடியில் மாட்டிக்கொண்டது என்று நினைத்து, செடியைத் திட்டிக்கொண்டே, பலம் கொண்டமட்டும் முன்னால் இழுத்தேன். செடி அலறியது.

அவருடைய வலது கண்ணின் மேல் இமையில் முள் ஏறியிருந்தது. நான் இழுத்த இழுப்பில் இமை கிழிந்து, எதிர்க்கூர் உள்ளே இன்னும் ஆழமாகப் பிடித்துக்கொண்டிருந்தது. ரத்தம் மூக்கோரமாக வழிந்து வாய்க்குள் போனது. சிவப்பு உல்லனும் சேவல் இறகும் அவர் கண்ணில் ஒட்டிக்கொண்டு நின்றன. பிடுங்கப் போன என் கையை அவர் தட்டிவிட்டார். அதுதான் சரி. கண்ணருகே மாட்டிய முள்ளை நீங்களாகப் பிடுங்காதீர்கள். முள்ளைக் கட்டிய தூண்டில் நரம்பை வெட்டிவிட்டு, எதுவும் அழுத்தாதபடி மூடி, ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நான் பல்லாலேயே நரம்பைக் கடித்து அறுத்தேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னைப் பார்த்துக்கொண்டே அவரிடம் கேட்டார்: "யாருங்க பண்ணது?"

"யாரும் இல்லம்மா. நான்தான் போயி அவ பின்னால நின்னேன்."

முள்ளை எடுத்துத் தையல் போட்டார்கள். கருவிழியில் கீறல் இருக்கிறது, பார்வை நிற்குமா என்று கட்டுப் பிரித்தால்தான் தெரியும் என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பார்வை போய்விட்டால் சூளைக்கு எப்படிப் போவார், எதைப் பார்த்து அடுக்குவார் என்று நினைக்க நினைக்க எனக்குக் கோபம் ஏறியது. அந்தக் கோபம் என்மேல் திரும்ப வேண்டியது. நான் அதை விரால்மேல் திருப்பினேன். அது மட்டும் முதல் அடியிலேயே மாட்டியிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை, கடைக்குப் போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டுப் பள்ளத்துக்குப் போனேன். குஞ்சுகள் அதே கோரையருகில் இருந்தன. இந்த முறை பின்னால் பார்த்துத்தான் வீசினேன். இரண்டாவது வீச்சில் விரால் பூச்சியை முழுசாக விழுங்கியது. கம்பு வளைந்து கரகரத்தது. நரம்பைக் கையில் சுற்றி இழுத்தேன், உள்ளங்கை அறுந்தது. கரையில் விழுந்து துள்ளியதைக் காலால் மிதித்துக்கொண்டு, கல்லை எடுத்து அதன் தலையில் அடித்தேன். ஒரு அடியில் செத்திருக்கும். நான் ஏழெட்டு அடி அடித்தேன். நிமிர்ந்து பார்த்தபோது சிவப்பு வட்டம் சிதறிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து ஜிலேபிகள் வந்து குஞ்சுகளை வாய் வாயாக அள்ளின. நான் கரையிலேயே நின்று பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மேல் எதுவும் இல்லை.

காயம் ஆற விரால் நல்லது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். பூண்டும் மிளகும் தட்டிப் போட்டுக் குழம்பு வைத்தேன். தலையை மட்டும் போடவில்லை, போடுகிற மாதிரி இல்லை. அவர் எழுந்து உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தார். ஒரு துண்டை எடுத்தவர், கட்டியிருந்த என் உள்ளங்கையை ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

"அதுவா?"

"அதான்."

"குஞ்சு இருந்துதா?"

பொய் சொல்லியிருக்கலாம். "இருந்துச்சு," என்றேன்.

துண்டைத் தட்டிலேயே வைத்தார். தட்டை என் பக்கம் தள்ளினார். கோபமாகக்கூடத் தள்ளவில்லை.

"என் கண்ணுல போட்டது பாக்காம போட்டது. அத நான் அன்னிக்கே வுட்டுட்டேன். இது பாத்துப் போட்டது."

கட்டுப் பிரித்தார்கள். கண் பிழைத்துவிட்டது, இமையில் தழும்பு மட்டும் நின்றது. அடுத்த வாரமே சூளைக்குப் போனார். என்னோடு பேசுகிறார், சிரிக்கிறார், ஞாயிற்றுக்கிழமை பள்ளத்துக்குக்கூட வருகிறார். நான் முள்ளை நசுக்குகிறேன், திரும்பிப் பார்த்து வீசுகிறேன், குஞ்சைக் கண்டால் கம்பை மடக்கிவிடுகிறேன். நான் பிடித்த மீனைக் குழம்பு வைத்துப் பரிமாறினால் மட்டும், அவர் அதைத் தொடாமல் மோர் இருக்கிறதா என்று கேட்கிறார்.